சுவரில் ஒட்டி வைக்கிற மாதிரி ஓர் அஞ்சலட்டை

தையல் மெஷின் பழுது பார்ப்பது என் தொழில். ஒரு மேசை, இரண்டு ஸ்டூல், ஸ்க்ரூ டிரைவர் பெட்டி, எண்ணெய்க் குப்பி, இவ்வளவுதான் பட்டறை. இந்தத் தொழிலில் வேலையை எவ்வளவு நன்றாகச் செய்கிறோமோ அவ்வளவு நாள் அந்த வாடிக்கையாளர் திரும்பி வர மாட்டார். ஒன்றரை வருடம் கழித்து மெஷின் இறுகி நிற்கும்போது என் பெயரோ எண்ணோ அவருக்கு ஞாபகம் இருக்காது. யார் அருகில் கிடைக்கிறாரோ அவரிடம் போய்விடுவார்.

செல்போனில் செய்தி அனுப்பிப் பார்த்தேன். மொத்தமாக அனுப்பும் செய்தியைப் பாதிப் பேர் திறப்பதே இல்லை, திறந்தவர்களும் மேலே தள்ளிவிட்டுப் போய்விடுகிறார்கள். மறுநாள் அது எங்கே இருக்கிறதென்று தேடினாலும் கிடைக்காது. கையில் எடுத்துப் பார்க்கிற பொருளாக ஒன்று போய்ச் சேர்ந்தால் என்ன என்று தோன்றியது. உறை வேண்டாம், மடிக்க வேண்டாம், பிரிக்க வேண்டாம். அஞ்சலட்டை. அச்சுக்கூலியும் தபால் செலவும் சேர்த்து, ஒரு சர்வீஸ் வேலையில் எனக்கு மிஞ்சுவதை வைத்துக் கணக்குப் போட்டேன். ஒரு வேலையின் மிச்சத்தில் 22 அட்டைகள் அனுப்பலாம் என்று வந்தது. சரி, இறங்கிப் பார்ப்போம் என்று தொடங்கினேன். முதல் முறை பெரும்பாலும் வீண். இரண்டாவது முறை வேலை செய்தது. இரண்டையும் நடந்தபடியே எழுதுகிறேன்.

முகவரிகள்

மூன்று வருடத்துப் பில் புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மெஷினை வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பதற்காக முகவரி வாங்கி எழுதியிருந்தவை 247. ஒரே ஆள் இரண்டு மூன்று முறை வந்தவை, பாதி முகவரி மட்டும் உள்ளவை, என் கையெழுத்து எனக்கே புரியாதவை எல்லாம் கழித்து 212 மிஞ்சின. இந்த வேலைக்கு நான்கு மாலைகள் போயின. சலிப்பான வேலைதான், ஆனால் மொத்தத் திட்டத்திலும் இதைவிட முக்கியமான வேலை வேறில்லை என்று இப்போது சொல்வேன். முன்பின் தெரியாத 1,000 பேருக்கு அனுப்புவதைவிட நம் கைவேலையை ஒருமுறை பார்த்த 200 பேருக்கு அனுப்புவது மேல். அவர்களிடம் நாம் யார் என்று அறிமுகம் செய்யத் தேவையில்லை, ஞாபகப்படுத்தினால் போதும்.

கணினி அட்டவணையில் ஏற்றும்போது ஒரு சிறு விஷயம். அஞ்சல் குறியீட்டு நிரலை எண் என்று விட்டுவிட்டால், பூஜ்யத்தில் தொடங்கும் குறியீடுகளில் முதல் பூஜ்யம் காணாமல் போய்விடும். தட்டச்சு செய்வதற்கு முன்பே அந்த நிரலை 'உரை' என்று மாற்றி வைத்துவிட வேண்டும். பெயர், முகவரிக்கு மூன்று வரிகள், குறியீடு, மெஷின் வகை, கடைசியாக சர்வீஸ் செய்த மாதம் என்று தனித்தனி நிரல்களாக ஏற்றினேன். கடைசி நிரலை ஏதோ தோன்றித்தான் சேர்த்தேன். பின்னால் எல்லாவற்றையும்விட அதுதான் பயன்பட்டது.

அவர்கள் முகவரி தந்தது மெஷினைக் கொண்டுவந்து தருவதற்காக, விளம்பரம் அனுப்புவதற்காக இல்லை. இது மனதில் உறுத்தியது. அதனால் ஒவ்வொரு அட்டையிலும் "இனி அட்டை வேண்டாம் என்றால் ஒரு வார்த்தை சொல்லுங்கள், நிறுத்திவிடுகிறேன்" என்று ஒரு வரி சேர்த்தேன். மூன்று பேர் சொன்னார்கள். அன்றே அவர்கள் பெயருக்கு எதிரே குறித்து வைத்துவிட்டேன்.

முதல் அட்டை

100 அட்டைகள் அச்சடித்தேன். ஒரு பக்கம் முழுக்கப் பட்டறையின் புகைப்படம், அதன் மேல் ஆறு விதமான வேலைகளின் பட்டியல், சலுகை, பெரிய எழுத்தில் எண், மூலையில் க்யூஆர் கட்டம். பார்க்கப் பளபளவென்று இருக்கட்டும் என்று இரு பக்கமும் லேமினேஷன் போடச் சொன்னேன்.

அச்சகத்திலிருந்து கட்டு வந்ததும் பிரித்துப் பார்த்தேன். திரையில் பளிச்சென்று இருந்த நீலம், தாளில் மங்கிய ஊதாவாக இருந்தது. திரை சிவப்பு, பச்சை, நீல ஒளியில் நிறத்தைக் காட்டுகிறது. அச்சு இயந்திரம் சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு மைகளில் நிறத்தைக் கட்டுகிறது. திரையில் தெரியும் எல்லா நிறமும் மையில் வராது, அதிலும் அடர்ந்த நீலம் எளிதில் ஊதாப் பக்கம் சாயும். வடிவமைப்பைத் தொடங்கும்போதே அச்சு நிறங்களில் வைத்திருந்தால் இது முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

புகைப்படம் பொடிப்பொடியாகத் தெரிந்தது. நண்பர் எடுத்த படத்தைச் செல்போன் செய்தியில் வாங்கியிருந்தேன். அப்படி அனுப்பும்போது படம் சுருங்கிவிடும். அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகளாவது வேண்டும். மூலப் படத்தையே கோப்பாக வாங்கியிருக்க வேண்டும்.

கறுப்பு எழுத்துகளைச் சுற்றி ஒரு மெல்லிய நிழல். கறுப்பை நான்கு மைகளின் கலவையாக வைத்துவிட்டேன். நான்கும் ஒன்றின் மேல் ஒன்று மயிரிழை பிசகாமல் விழுந்தால்தான் எழுத்து கூர்மையாக இருக்கும். சிறிய எழுத்துகளுக்குக் கறுப்பு மை மட்டும் என்று வைக்க வேண்டும்.

இவற்றைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். முகவரி எழுத உட்கார்ந்தபோதுதான் பெரிய தவறு தெரிந்தது. லேமினேஷன் மேல் பால்பாயின்ட் பேனா வழுக்கிக்கொண்டு ஓடியது, ஜெல் பேனா மை காயவே இல்லை. ஐந்து அட்டைகளை நாசம் செய்த பிறகு, முகவரிகளை ஸ்டிக்கரில் அச்சடித்து ஒட்டினேன். அட்டையின் முகமே மாறிவிட்டது. யாரோ ஒரு கம்பெனி மொத்தமாக அனுப்பியது போல ஆகிவிட்டது.

அனுப்பினேன். ஒன்பது அட்டைகள் முகவரியில் ஆள் இல்லை என்று திரும்பி வந்தன. அட்டை வேண்டாம் என்று சொன்னவர்கள் போக இரண்டு பேர் அழைத்தார்கள். அதில் ஒருவர் க்யூஆர் கட்டம் வேலை செய்யவில்லை என்று சொல்லத்தான் அழைத்தார். பிறகு அளந்து பார்த்தேன், 12 மில்லிமீட்டர். அதையும் கருநீலப் பின்னணியில் வைத்திருந்தேன்.

சுவரில் பார்த்த தாள்

அந்தச் சமயத்தில் ஒரு வாடிக்கையாளர் வீட்டுக்கு மெஷினைக் கொண்டுபோய் வைக்கப் போயிருந்தேன். வீட்டிலேயே தைத்துக் கொடுப்பவர். மெஷின் இருக்கும் இடத்துக்கு நேர் எதிரே சுவரில் ஒரு நோட்டுத் தாள் ஒட்டியிருந்தது. பேனாவால் எழுதிய எண்கள், பக்கத்தில் துணியின் பெயர்கள்.

"இது என்னக்கா?" என்று கேட்டேன்.

"போன தடவை நீங்க சொன்னதுதான் தம்பி. எந்தத் துணிக்கு எந்த ஊசின்னு. மறந்து மறந்து போகுதுன்னு எழுதி ஒட்டிட்டேன்."

"நான் ஒரு கார்டு அனுப்பினேனே, வந்துச்சா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "வந்துச்சு. போட்டோ போட்டது. எங்கே வெச்சேன்னு தெரியலையே தம்பி."

வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தத் தாள்தான் மனதில் இருந்தது. நான் காசு செலவழித்து அச்சடித்தது எங்கோ தொலைந்துவிட்டது. பேச்சோடு பேச்சாக வாயால் சொன்னது, பசை போட்டுச் சுவருக்கு ஏறியிருக்கிறது. அந்த அட்டையில் என்னைப் பற்றித்தான் எல்லாம் இருந்தது, அவருக்கு வேண்டியது ஒன்றுமே இல்லை. அந்த நோட்டுத் தாளைத்தான் நான் அச்சடித்திருக்க வேண்டும்.

இரண்டாவது அட்டை

அன்றிரவே ஒரு வெள்ளைத் தாளை அட்டை அளவுக்கு வெட்டிப் பென்சிலால் வரைந்தேன். மேலே ஒரே வரி: "எந்தத் துணிக்கு எந்த ஊசி?" கீழே நான்கு வரி அட்டவணை. ஷிஃபான், வாயில் போன்ற மெல்லிய துணிக்கு 75/11. சாதாரணக் காட்டனுக்கு 90/14. தடித்த துணிக்கு 100/16. ஜீன்ஸ் மடிப்புக்கு 110/18. பனியன் மாதிரி இழுபடும் துணிக்கு நுனி உருண்ட ஊசி என்று ஓரத்தில் ஒரு குறிப்பு. 90 என்றால் ஊசித் தண்டின் விட்டம் 0.9 மில்லிமீட்டர், 14 என்பது அதே ஊசிக்குப் பழைய முறை எண். ஊசி டப்பாவில் இரண்டு எண் ஏன் இருக்கிறதென்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள், அதனால் அதையும் ஒரு வரியில் சேர்த்தேன். அடியில், "தையல் விட்டு விட்டு விழுந்தால் முதலில் ஊசியை மாற்றிப் பாருங்கள். சரியாகாவிட்டால் அழையுங்கள்" என்று எழுதி, எண்.

இந்தக் கடைசி வரியைப் பார்த்த நண்பர் ஒருவர் கேட்டார்: "ஊசியை மாற்றினாலே சரியாகிவிடும் என்று நீயே சொல்லிக்கொடுத்தால் உன்னிடம் யார் வருவார்?" ஊசி மாற்றுவதற்காக வருபவரிடம் நான் கூலி வாங்கியதே கிடையாது. ஊசியை மாற்றியும் சரியாகாத மெஷின்தான் என் வேலை. அவர்கள் எண்ணைத் தேடும் அந்த நேரத்தில், என் எண் கண்ணெதிரே சுவரில் இருக்க வேண்டும். இது போதும்.

அளவு ஏ6, அதாவது 105க்கு 148 மில்லிமீட்டர். ஏ4 தாளைக் குறுக்கும் நெடுக்குமாக நான்காக வெட்டினால் கிடைப்பது. முதல் முறை நேராக அச்சகத்துக்குப் போனது போல இந்த முறை போகவில்லை. வீட்டுப் பிரின்டரில் 20 மாதிரிகள் எடுத்தேன். நான்கு பக்கமும் வெள்ளை ஓரம் விட்டு வடிவமைத்தால் ஏ4 தாளில் நான்கு அட்டைகள் சரியாக உட்காரும். இரும்பு அளவுகோலை அழுத்திப் பிடித்து, புது பிளேடு போட்ட கட்டரால் இரண்டு மூன்று முறை மெதுவாக இழுத்தால் விளிம்பு பிசிறில்லாமல் வரும். ஒரே இழுப்பில் வெட்ட நினைத்தால் கத்தி விலகி ஓடும். தாள் கனத்துக்கு முதலில் 300 ஜி.எஸ்.எம், அதாவது ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தாள், வைத்துப் பார்த்தேன். முன்பக்கத் தட்டிலிருந்து தாளை வளைத்து இழுக்கும் பிரின்டர் அதில் திணறியது. 200 ஜி.எஸ்.எம் தாளைப் பின்பக்கத் திறப்பு வழியாகக் கொடுத்ததும் சிக்காமல் வந்தது. மாதிரிக்கு அது போதும்.

இந்த 20 மாதிரிகளில் ஒன்றின் மேல் ஈரக் கையை வைத்துவிட்டேன். மை கரைந்து எண்கள் வழிந்தன. மழையில் பயணப்படும் அட்டைக்கு வீட்டு இங்க்ஜெட் மை லாயக்கில்லை என்று அப்போது தெரிந்தது நல்லதாகப் போயிற்று. வடிவத்தைச் சோதிக்க வீட்டுப் பிரின்டர், அனுப்புவதற்கு அச்சகம் என்று பிரித்துக்கொண்டேன்.

மாதிரி ஒன்றை எடுத்துக்கொண்டு தபால் நிலையத்துக்குப் போனேன். அச்சடித்த பிறகு போய்க் கேட்டுப் பயனில்லை. இந்த அளவு அட்டைக் கட்டணத்தில் போகுமா, எந்த இடத்தைக் காலியாக விட வேண்டும், எத்தனை அட்டைக்கு மேல் ஒன்றாகக் கொடுத்தால் சலுகை உண்டு என்ற மூன்றையும் மாதிரியைக் காட்டியே கேட்டேன். எடையை வீட்டிலேயே கணக்கிட்டிருந்தேன். ஏ0 தாளின் பரப்பு 1 சதுர மீட்டர், ஏ6 அதில் 64இல் ஒரு பங்கு. ஆகவே 300 ஜி.எஸ்.எம் தாளில் ஓர் அட்டை 300ஐ 64ஆல் வகுத்தால் வரும் எடை, ஏறக்குறைய 4.7 கிராம். கடிதங்களை இயந்திரத்தால் பிரிக்கும் இடங்களில் அட்டையின் கீழ்விளிம்பில் பார்கோடு அச்சிடுவதுண்டு. அதனால் முகவரிப் பக்கத்தின் அடியில் ஒரு பட்டையை வெறுமையாகவே விட்டேன்.

முகவரிப் பக்கம் பற்றி இன்னொன்று. ஆஸ்திரியா-ஹங்கேரியில் 1869 அக்டோபர் 1 அன்று முதல் அஞ்சலட்டை வெளியானபோது ஒரு பக்கம் முழுவதும் முகவரிக்குத்தான், செய்தியெல்லாம் மறுபக்கம். முகவரிப் பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடது பாதியில் செய்தி எழுத பிரிட்டன் 1902இல் அனுமதித்தது. பிறகு மற்ற நாடுகளும் அந்த வழிக்கு வந்தன. அதன் பிறகுதான் மறுபக்கம் முழுவதையும் படத்துக்கு விட முடிந்தது. எனக்கு அந்த இடது பாதி ஒரு வரமாகவே தெரிந்தது. அதில் ஒன்றும் அச்சடிக்காமல் கையால் எழுத வைத்துக்கொண்டேன்.

அச்சகத்துக்குக் கொடுத்த கோப்பில் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக நிறத்தை நீட்டியிருந்தேன். வெட்டும் கத்தி இம்மி நகர்ந்தாலும் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியாமல் இருக்க இது வேண்டும். மொத்தம் 111க்கு 154 மில்லிமீட்டர், 300 புள்ளிக் கணக்கில் 1311க்கு 1819 பிக்சல். எழுத்து எதையும் விளிம்பிலிருந்து 5 மில்லிமீட்டருக்குள் கொண்டுபோகவில்லை. தாள், அட்டவணைப் பக்கம் மட்டும் பளபளப்பு, முகவரிப் பக்கம் பூச்சில்லாதது. பேனா அதில் நன்றாகப் பிடித்தது.

தமிழில் அச்சடிப்பவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கோப்பை எழுத்துருவோடு அப்படியே அனுப்பினேன். அச்சகக் கணினியில் திறந்ததும் கொம்பும் துணைக்காலும் இடம் மாறி, சில இடங்களில் வெறும் கட்டங்களாக நின்றன. இந்திய மொழிகளின் எழுத்துகளைச் சேர்த்துக் காட்டும் வசதி அந்த மென்பொருளில் இயக்கப்பட்டிருக்கவில்லை. நல்ல வேளையாக அச்சடிப்பதற்கு முன் மாதிரி கேட்டிருந்தேன். எழுத்துகள் அனைத்தையும் கோட்டுருவமாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவங்களாக மாற்றி, பி.டி.எஃப் ஆகக் கொடுத்ததும் சரியாகிவிட்டது. அப்படி மாற்றிய பிறகு பிழை திருத்த முடியாது. எனவே மாற்றுவதற்கு முன்பே இரண்டு பேரிடம் கொடுத்து வாய்விட்டு வாசிக்கச் சொன்னேன். ஒருவர் 'ஊசி'யில் 'சி'யின் மேல்விலங்கு விட்டுப்போனதைக் கண்டுபிடித்தார். எழுத்தின் அளவு 11 பாயின்ட். இரவு விளக்கில், தையல் கண்ணாடி போட்டுக்கொண்டு படிப்பவர்கள் அவர்கள்.

க்யூஆர் கட்டத்தை இந்த முறை ஒழுங்காகச் செய்தேன். 22 மில்லிமீட்டர் பக்கம், வெள்ளையில் கறுப்பு, சுற்றிலும் அதன் சிறு சதுரங்கள் நான்கு அடங்கும் அளவுக்கு வெற்றிடம். கட்டத்துக்குள் என் தொலைபேசி எண் மட்டும். காட்டினால் அழைப்புக்குத் தயாராக எண் வந்து நிற்கும். உள்ளே வைக்கும் தகவல் குறைவாக இருந்தால் கட்டத்தில் சதுரங்களும் குறைவு, பழைய போன்கூடப் படிக்கும். இடையில் ஒரு சேவைத் தளத்தைச் சுற்றிப் போகும் வகைக் கட்டம் வேண்டாம் என்று முடிவு செய்தேன். சந்தா நின்றால் அந்த வழி அடைபட்டுவிடும். சுவரில் இரண்டு வருடம் இருக்கப்போகிற அட்டைக்கு அது சரிப்படாது.

எழுதிய மாலைகள்

ஒவ்வொரு அட்டையின் இடது பாதியிலும் கையால் இரண்டு வரி. "உங்கள் மெஷினைக் கடைசியாகத் திறந்து சுத்தம் செய்தது மார்ச்சில். துணியை நகர்த்தும் பல்லுக்கு அடியில் பஞ்சு சேர்ந்திருக்கும், ஒருமுறை தட்டைக் கழற்றித் தட்டிவிடுங்கள்." அட்டவணையின் கடைசி நிரல் இதற்குத்தான் உதவியது. ஒரு மணி நேரத்துக்கு 25 அட்டைகள் எழுத முடிந்தது. அதற்கு மேல் கை வலித்தது, எழுத்தும் சாய்ந்தது. ஒரு மாலைக்கு 25 என்று வைத்துக்கொண்டேன். எழுத எழுத ஒவ்வொரு மெஷினும் ஞாபகம் வந்தது. அந்த ஞாபகம் எழுத்தில் தெரிந்திருக்கும் என்றே நம்புகிறேன்.

இங்கேதான் ஒரு தவறு செய்தேன், மனம் வருந்திய தவறு. கடை வைத்துத் தைக்கும் ஒருவருக்கு, "மோட்டார் பழசாகிவிட்டது, சீக்கிரம் மாற்ற வேண்டியிருக்கும்" என்று எழுதிவிட்டேன். நல்ல எண்ணத்தில்தான் எழுதினேன். அட்டை அவர் கைக்குப் போகுமுன் பக்கத்துக் கடைக்காரர் வாங்கிப் படித்திருக்கிறார். தன் வாடிக்கையாளர்கள் முன்னால் அதைப் பற்றிக் கேட்கும்படி ஆகிவிட்டது என்று அந்தத் தையல்காரர் அழைத்துச் சொன்னார். நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். அஞ்சலட்டைக்கு உறை கிடையாது, வழியில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். பாக்கிப் பணம், மெஷினின் குறை, உடம்பு, குடும்பம் எதையும் அதில் எழுதக் கூடாது. ஊரே படித்தாலும் பெறுபவர் முகம் சுளிக்காத வரிகள் மட்டும்தான். அட்டையில் எழுதக் கூடாத செய்தி இருந்தால் போன் பேசிவிடுகிறேன்.

எண்ணிப் பார்த்தது

முதல் முறை, அழைப்பவர் அட்டையைப் பார்த்து அழைக்கிறாரா, தற்செயலாக அழைக்கிறாரா என்றே எனக்குத் தெரியாது. இந்த முறை அதற்கு ஒரு வழி செய்தேன். திரும்பி வந்த ஒன்பது போக 203 முகவரிகள். வேண்டாம் என்ற மூன்று பேரையும், கடந்த ஆறு மாதத்துக்குள் வந்துபோன 50 பேரையும் விட்டுவிட்டு 150ஐ எடுத்தேன். பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கி மூன்று கட்டுகளாகப் பிரித்தேன். முதல் 50 பேருக்குச் சர்வீஸில் சலுகை என்று மட்டும் சொல்லும் அட்டை, மூலையில் சின்னதாக 'அ'. அடுத்த 50 பேருக்கு ஊசி அட்டவணை, மூலையில் 'ஆ'. கையால் எழுதும் வரிகள் இரண்டிலும் உண்டு. மூன்றாவது 50 பேருக்கு ஒன்றுமே அனுப்பவில்லை.

மூன்றாவது கட்டு எதற்கென்று வீட்டில் கேட்டார்கள். அட்டை அனுப்பாவிட்டாலும் சிலர் எப்படியும் வருவார்கள். அவர்கள் எத்தனை பேர் என்று தெரிந்தால்தான் அட்டையால் வந்தவர்கள் எத்தனை பேர் என்று சொல்ல முடியும். வந்தவர்களை எல்லாம் அட்டையின் கணக்கில் எழுதிக்கொண்டால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்கிறோம்.

எட்டு வாரம் காத்திருந்தேன். அழைத்தவர்களிடம் "கார்டு மூலையில் என்ன எழுத்து இருக்கு?" என்று கேட்டேன். யோசிக்காமல் சொன்னவர்கள் அநேகமாக 'ஆ' கட்டுக்காரர்கள், அட்டை அவர்கள் கண்ணெதிரே இருந்தது. மற்றவர்கள் சிலர் தேட வேண்டியிருந்தது, சிலருக்குக் கிடைக்கவில்லை, பட்டியலில் பெயரைப் பார்த்து நானே குறித்துக்கொண்டேன். 'அ' கட்டிலிருந்து நான்கு பேர் மெஷினைக் கொண்டுவந்தார்கள். 'ஆ' கட்டிலிருந்து ஒன்பது பேர். ஒன்றும் அனுப்பாத கட்டிலிருந்து இரண்டு பேர்.

ஆக, அட்டவணை அட்டையால் வந்தவர்கள் ஏழு பேர் என்று கொள்ளலாம், சலுகை அட்டையால் இரண்டு. ஒரு வேலையின் மிச்சம் 22 அட்டைக்குச் சமம் என்பதால் 50 அட்டைகளின் செலவு திரும்ப மூன்று வேலையாவது வர வேண்டும். சலுகை அட்டை கைக்காசைத் தின்றது, அதுவும் சலுகை கொடுத்ததில் மிச்சமும் குறைந்தது. அட்டவணை அட்டை செலவைத் தாண்டி நின்றது. 50 பேர் என்பது சின்னக் கணக்கு, அடுத்த முறை இதே போல வரும் என்று எழுதிக் கொடுக்க மாட்டேன். ஆனால் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

நான் எதிர்பார்க்காத தொந்தரவு ஒன்றும் வந்தது. 100 அட்டைகளையும் ஒரே நாளில் பெட்டியில் போட்டுவிட்டேன். இரண்டாவது வாரம் ஐந்து மெஷின்கள் ஒன்றாக வந்து இறங்கின. நான் ஒற்றை ஆள். இரண்டு பேர் பத்து நாள் காத்திருக்க வேண்டியதாயிற்று. ஞாபகப்படுத்திக் கூப்பிட்டுவிட்டுக் காக்க வைப்பது மிகத் தவறு. இப்போது வாரத்துக்கு 12 அட்டைகளுக்கு மேல் போடுவதில்லை. கடைசி சர்வீஸ் முடிந்து பத்து மாதம் ஆனவர்கள் யாரென்று பட்டியலில் பார்த்து அவர்களுக்கு மட்டும் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மாலை அரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. அச்சடித்த அட்டையில் மாதமோ தேதியோ இல்லாததால் மிச்சம் இருப்பவை பழையதாகப் போவதும் இல்லை.

திரும்பி வரும் அட்டைகளையும் இப்போது தூக்கிப் போடுவதில்லை. அன்றே பட்டியலில் அடித்துவிட்டு, அவருடைய எண்ணுக்கு ஒருமுறை போன் செய்கிறேன். அப்படிச் செய்ததில் ஒருவர் வீடு மாறியது தெரிந்து, புது முகவரிக்கு மெஷினையும் பார்க்கப் போனேன்.

அடுத்த அட்டைக்கு நூல் இழுவை பற்றி வரைந்துகொண்டிருக்கிறேன். துணியின் அடிப்பக்கம் நூல் சுருள் சுருளாகத் தொங்கினால் எல்லாரும் கீழ்நூல் சுற்றிய பாபினைத்தான் திருகுகிறார்கள். பெரும்பாலும் கோளாறு மேல்நூலில் இருக்கும், கோத்தது சரியில்லை அல்லது இழுவை தளர்ந்திருக்கும். மேல்நூலை முழுவதும் உருவி, துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு மறுபடி கோத்தாலே பாதி நேரம் சரியாகிவிடும். இதை மூன்று சின்னப் படங்களில் சொல்ல வேண்டும், எழுத்து குறைவாக. இரண்டாவது படத்தில் நூல் போகும் வழி இன்னும் தெளிவாக வரவில்லை. வெட்டி வைத்த மாதிரிகளை நோட்டுத் தாள் ஒட்டியிருந்த அக்காவிடம் நாளை கொண்டுபோய்க் காட்டப் போகிறேன். படத்தை மட்டும் பார்த்து, நான் ஒன்றும் சொல்லாமல், அவரால் நூலைக் கோக்க முடிந்தால் அச்சகத்துக்குக் கொடுத்துவிடுவேன்.